பாய்மரப் படகில் தீவுக்குத் தீவு

சிறிய பாய்மரப் படகில் தீவு தீவாகச் சுற்றி வருவது என்றதும் நம்மில் பலருக்கு இரண்டு காட்சிகள்தான் மனத்தில் எழும். ஒன்று, காலண்டரில் வரும் தென்னை மரமும் பச்சைத் தண்ணீரும். மற்றொன்று, சினிமாவில் வரும் புயலும் முறிந்த பாய்மரமும். இவை இரண்டுக்கும் நடுவில் நாள்தோறும் நடப்பது என்ன என்பதை யாரும் அதிகம் எடுத்துச் சொல்வதில்லை. தில்லியிலும் நாக்பூரிலும் கடலையே காணாமல் வளரும் நம் வீட்டுப் பிள்ளைகள் கேட்டால் விளக்கிச் சொல்ல உதவட்டுமே என்றுதான் இதை எழுதுகிறேன். நான் அந்தப் படகுகளில் போனவன் அல்ல. ரயில்வேயில் இருந்த நாளிலிருந்தே கப்பல், படகு சம்பந்தமான புத்தகங்களைத் தேடிப் படிக்கிற பழக்கம் உண்டு, அவ்வளவே.

இந்த வகைப் பயணத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் என்று ஜோஷுவா ஸ்லோகம் என்பவரைச் சொல்ல வேண்டும். சுமார் 37 அடி நீளமுள்ள 'ஸ்பிரே' என்ற பழைய மரப் படகைத் தம் கையாலேயே புதுப்பித்து, 1895 ஏப்ரலில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்து தன்னந்தனியாகப் புறப்பட்டார். உலகத்தைச் சுற்றிக்கொண்டு 1898 ஜூனில் ஊர் திரும்பினார். தனி ஒருவராக உலகைச் சுற்றி வந்த முதல் மனிதர் அவர்தான். இத்தனைக்கும் அவருக்கு நீச்சல் தெரியாது. ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே உள்ள தர்ஸ்டே தீவிலிருந்து நம் இந்துமாக்கடலில் உள்ள கோகோஸ் கீலிங் தீவுகள் வரை 23 நாள் ஓடிய ஓட்டத்தில், சுக்கானைக் கையில் பிடித்தது மொத்தமே மூன்று மணி நேரம்தான் என்று எழுதி வைத்திருக்கிறார். மீதி நேரமெல்லாம் சுக்கானைக் கட்டிப் போட்டுவிட்டுச் சமைத்தார், படித்தார், தூங்கினார். படகு நல்ல படகு என்பது பாதிக் காரணம். மறு பாதி, நாள் கணக்கில் திசை மாறாமல் வீசிய காற்று.

அந்தக் காற்றைப் பற்றித் தெரிந்துகொண்டால் மற்றவை எளிதில் விளங்கும். நில நடுக்கோட்டில் சூடான காற்று மேலே எழுகிறது. அந்த இடத்தை நிரப்ப வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் காற்று ஓடி வருகிறது. பூமி சுழல்வதால் நேராக வர முடியாமல் மேற்குப் பக்கமாக ஒதுங்குகிறது. ஆகவே நடுக்கோட்டுக்கு வடக்கே வடகிழக்குக் காற்று, தெற்கே தென்கிழக்குக் காற்று. பள்ளிப் புத்தகத்தில் இதை 'வியாபாரக் காற்று' என்று படித்திருப்போம். ஆங்கிலத்தில் 'டிரேட்' என்ற சொல்லுக்குப் பழைய பொருள் தடம், வழி என்பது. வியாபாரம் என்ற பொருள் பின்னால் வந்தது. ஆகையால் 'தடக்காற்று' என்ற மொழிபெயர்ப்புதான் சரி என்பது என் கட்சி. பெயர் எதுவானாலும், மணிக்கு 25, 30 கிலோமீட்டர் வேகத்தில் ஒரே பக்கத்திலிருந்து வீசும் இந்தக் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு கிழக்கிலிருந்து மேற்கே போவதுதான் சிறு படகுக்காரர்களின் ராஜபாட்டை.

உலகில் இப்படிப் பல பாதைகள் உண்டு. அவற்றில் பேர் பெற்றது தென் பசிபிக் பாதை. பனாமா கால்வாயைத் தாண்டி, காலபகோஸ் தீவுகளில் தங்கி, மார்ச், ஏப்ரல் வாக்கில் மார்க்கேசஸ் தீவுகளை நோக்கிப் புறப்படுவார்கள். பிறகு துவாமோட்டு பவளத் தீவுகள், தஹிதி, போரா போரா, குக் தீவுகள், டோங்கா, பிஜி. ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான படகுகள் இந்த வழியில் போகின்றன. பெரும்பாலும் 30 முதல் 45 அடிப் படகுகள். உள்ளே இருப்பவர்கள் வீர சாகசக்காரர்கள் அல்ல. பென்ஷன் வாங்கும் தம்பதிகள், சில சமயம் இரண்டு குழந்தைகளோடு ஒரு குடும்பம்.

நம் நாட்டவரின் பயணம் வேறு ரகம். புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமியும் கோழிக்கோட்டைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் தில்னாவும் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து கடற்படையின் 'தாரிணி' என்ற 56 அடிப் பாய்மரப் படகில் புறப்பட்டு, இருவராகவே உலகைச் சுற்றி 2025 மே மாதக் கடைசியில் திரும்பினார்கள். அவர்கள் போனது தெற்கே வெகு தூரம் இறங்கி, குளிரும் பேரலையும் உள்ள கடல் வழியாக. அது பயிற்சி பெற்ற கடற்படை அதிகாரிகளுக்கு ஆன காரியம். நான் சொல்லும் தீவுப் பாதை சாதாரண ஜனங்களுக்கானது.

வேகத்தைச் சொன்னால் சிரிப்பு வரும். தண்ணீரைக் கிழித்துப் போகும் படகு தன் நீளத்துக்கு ஏற்ற ஓர் அலையைத் தானே எழுப்பிக்கொள்கிறது. அந்த அலையை அதனால் தாண்டி ஏற முடியாது. தண்ணீர்மட்டத்தில் படகின் நீளத்தை அடியில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் கிடைப்பதே அதன் உச்ச வேகம், கடல் மைல் கணக்கில். 30 அடி என்றால் ஏழு மைலுக்குச் சற்று மேல். காற்று ஏறி இறங்குவதையெல்லாம் சேர்த்துச் சராசரி பார்த்தால் மணிக்கு ஐந்து மைல் தேறும். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர் என்பதால், மணிக்கு ஒன்பது கிலோமீட்டர். சைக்கிளில் போகிறவர் முந்திவிடுவார். ஆனால் இரவும் பகலும் நிற்காமல் போவதால் ஒரு நாளைக்கு 220 கிலோமீட்டர் ஆகிறது. காலபகோஸிலிருந்து மார்க்கேசஸ் 3,000 கடல் மைல், அதாவது சுமார் 5,550 கிலோமீட்டர். நம் திப்ருகர் - கன்னியாகுமரி விவேக் எக்ஸ்பிரஸ் ஏறத்தாழ 4,200 கிலோமீட்டரை மூன்று நாளும் சில மணி நேரமுமாக ஓடி முடிக்கிறது. படகுக்கு அந்த 5,550 கிலோமீட்டருக்கு 25 நாள் வேண்டும். நடுவில் ஸ்டேஷன் கிடையாது.

காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம்தானே படகு போகும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. புளியங்கொட்டையை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து அழுத்தினால் அது நழுவி முன்னால் ஓடுகிறதல்லவா? அதுபோலக் காற்று பாயை ஒரு பக்கம் அழுத்த, படகின் அடியில் ஈயம் நிரப்பிய துடுப்பு போன்ற அடிக்கட்டையைத் தண்ணீர் மறு பக்கம் தடுக்க, படகு முன்னோக்கி நழுவுகிறது. இதனால் காற்றுக்குக் குறுக்கேயும் போகலாம், சற்று எதிர்த்தும் போகலாம். காற்று வரும் திசைக்கு நேராக மட்டும் முடியாது. 45 டிகிரி ஒதுங்கி, இடமும் வலமுமாக மாறி மாறித்தான் போக வேண்டும். டார்ஜிலிங் மலை ரயில் முன்னும் பின்னுமாக ஏறுகிற மாதிரி. பத்து மைல் முன்னேற பதினான்கு மைல் ஓட்டம். அலை வேறு முகத்தில் அறையும். அதனால்தான் அனுபவசாலிகள் காற்றை எதிர்த்து ஒரு தீவுக்குப் போவதைவிட அந்தத் தீவையே விட்டுவிடுவார்கள்.

25 நாளும் இரவு பகலாகச் சுக்கானைப் பிடிப்பது இரண்டு பேரால் ஆகாது. இதற்கு ஓர் அருமையான யந்திரம் இருக்கிறது. மின்சாரம் வேண்டாம், எண்ணெய் வேண்டாம். பிளாண்டி ஹாஸ்லர் என்ற ஆங்கிலேயர், 1960இல் நடந்த முதல் தனி நபர் அட்லாண்டிக் படகுப் போட்டியில் தாமே செய்த இத்தகைய கருவியோடு கலந்துகொண்டார். பின்னர் அவர் செம்மைப்படுத்திய முறைதான் இன்றும் பல படகுகளில் இருக்கிறது. படகின் பின்புறம் காற்றைப் பார்த்து நிற்கும் ஒரு மெல்லிய பலகை. படகு வழி தவறித் திரும்பினால் காற்று அந்தப் பலகையைச் சாய்க்கும். சாய்ந்த பலகை, தண்ணீரில் தொங்கும் ஒரு நீண்ட அலகைச் சிறிது திருப்பும். ஓடுகிற தண்ணீர் அந்த அலகைப் பலமாகப் பக்கவாட்டில் தள்ளும். அந்தத் தள்ளு விசை கயிறு வழியாகச் சுக்கானை இழுத்துப் படகைத் திருத்தும். சிறிய அசைவு தகவல் சொல்ல, பெரிய வேலையைத் தண்ணீர் செய்கிறது. வேக்குவம் பிரேக்கில் கார்டு சிறிய வால்வைத் திறந்தால் வண்டி முழுவதும் பிரேக் பிடிப்பதைப் பார்த்த எனக்கு இதில் தனி மகிழ்ச்சி. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. இந்தக் கருவி திசையைக் காக்காது, காற்றின் கோணத்தைத்தான் காக்கும். இரவில் காற்று திரும்பினால் படகும் சத்தமில்லாமல் திரும்பிவிடும்.

ஆகவே ஒருவர் விழித்திருக்கத்தான் வேண்டும். சிறு படகில் உட்கார்ந்தவருக்குத் தொடுவானம் மூன்று மைல் தூரத்தில். ஆறு மைலுக்கு அப்பால் ஒரு கப்பலின் விளக்கு தெரிந்தால், அது 20 மைல் வேகத்தில் எதிரே வருகிறது என்று வையுங்கள். சந்திக்கப் பதினைந்து நிமிடம்கூட ஆகாது. பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் மணியடிக்கும் கடிகாரத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சுற்றிலும் பார்ப்பார்கள். கப்பல்கள் தம் பெயரையும் இடத்தையும் வானொலி அலையில் அறிவிக்கும் கருவி இப்போது இருப்பது பெரிய துணை. ஆனாலும் சிறிய மீன்பிடிப் படகுகள் எல்லாவற்றிலும் அது இருப்பதில்லை.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. அரிசி, பருப்பு, உருளைக்கிழங்கு, வெங்காயம் நாள்பட இருக்கும். முட்டையை அவ்வப்போது திருப்பி வைத்தால் ஃபிரிட்ஜ் இல்லாமலே பல வாரம் வரும். ஆடும் படகில் மூடியைப் பூட்டி வைக்கிற பிரஷர் குக்கரைப் போல் நம்பகமான பாத்திரம் வேறு இல்லை. தண்ணீர்தான் கவலை. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாலு, ஐந்து லிட்டர் என்றாலும் இரண்டு பேருக்கு 25 நாளில் 250 லிட்டர். பாத்திரம் கடல் தண்ணீரில், குளியல் மழை வந்தால். சென்னைக்கு அருகே மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்குகிறார்களே, அதே முறையில் ஓடும் சிறிய கருவியைச் சிலர் படகிலேயே வைத்திருக்கிறார்கள். அது பழுதானால் என்ன செய்வது என்று யோசித்துத் தொட்டியையும் நிரப்பிக்கொண்டே கிளம்புகிறவர்தான் புத்திசாலி.

இனி பவளத் தீவுகளுக்கு வருவோம். உண்மையான ஆபத்து நடுக்கடலில் இல்லை, கரைக்கு அருகில்தான். மார்க்கேசஸ் தீவுகள் எரிமலைகள், தொலைவிலிருந்தே தெரியும். அங்கிருந்து 500 மைல் தென்மேற்கே போனால் துவாமோட்டு. அங்கே எழுபதுக்கு மேற்பட்ட தீவுகள், மலையே கிடையாது. ஒரு காலத்தில் கடலில் நின்ற எரிமலை மெல்ல அமிழ, அதைச் சுற்றி வளர்ந்த பவளப் பாறை மட்டும் மேல் நோக்கி வளர்ந்து வளையமாக நிற்கிறது என்று சார்லஸ் டார்வின் 1842இல் விளக்கினார். வளையத்தின் மேல் மண் சில அடி உயரம். தென்னை மரம் உச்சியோடு சேர்த்தும் எட்டு மைலுக்கு அப்பால் தெரியாது. இரவில் எதுவுமே தெரியாது. 'அபாயத் தீவுக்கூட்டம்' என்றே பழைய மாலுமிகள் இதற்குப் பெயரிட்டிருந்தார்கள். 1947இல் தோர் ஹெயர்டால் ஐந்து தோழர்களோடு 'கோன்-டிக்கி' என்ற கட்டைத் தெப்பத்தில் பெருவிலிருந்து 101 நாள் மிதந்து வந்து மோதியது இங்குள்ள ராரோயா தீவின் பாறையில்தான்.

இந்த வளையத்துக்குள் போக ஒரு வாசல், சில தீவுகளில் இரண்டு. நம் ஊர் ஏரியை நினைத்துக்கொண்டால் சட்டென்று புரியும். தெற்கிலிருந்து வரும் பேரலைகள் வளையத்தின் தாழ்ந்த பாறையைத் தாண்டி உள்ளே கொட்டிக்கொண்டே இருக்கின்றன. வந்த தண்ணீர் எல்லாம் கலிங்கு வழியாக வெளியேறுவது போல அந்த ஒரே வாசல் வழியாக வெளியேற வேண்டும். அலை பெரிதாக இருந்த வாரங்களில் உள்ளே போகும் ஓட்டமே இருக்காது. நாள் முழுவதும் வெளியே பாய்ந்துகொண்டிருக்கும், மணிக்கு ஐந்து ஆறு மைல் வேகத்தில். படகின் எஞ்சின் தருவதும் அதே வேகம்தான்! வெளியே பாயும் நீர் எதிரே வரும் காற்றோடு மோதினால் வாசலிலேயே செங்குத்தாக அலைகள் எழும். ஓட்டம் அடங்கும் அரை மணி நேரத்துக்காக வெளியே காத்திருக்க வேண்டும். பொழுது சாய்ந்துவிட்டதா, கண்ணெதிரே தீவு இருந்தாலும் கடலுக்குத் திரும்பி ராத்திரி முழுவதும் மிதந்துவிட்டுக் காலையில்தான் வர வேண்டும்.

உள்ளே போன பிறகும் கண்தான் வழிகாட்டி. சூரியன் உச்சியில் அல்லது முதுகுப் பக்கம் இருக்க, ஒருவர் பாய்மரத்தில் ஏறி நின்று தண்ணீரின் நிறத்தைப் பார்ப்பார். கருநீலம் என்றால் ஆழம். இளம்பச்சை என்றால் மணல். பழுப்பு நிறம் தெரிந்தால் பாறை, விலக வேண்டும். காலை பத்து மணிக்கு முன்னும் பிற்பகல் மூன்று மணிக்குப் பின்னும் தண்ணீர் கண்ணாடி மாதிரி பளபளக்குமே தவிர உள்ளே இருப்பது தெரியாது.

செயற்கைக் கோள் கருவி இருக்கிறதே என்று இளைஞர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அந்தக் கருவி நாம் இருக்கும் இடத்தைச் சில மீட்டர் பிழைக்குள் சொல்லிவிடும். பாறை இருக்கும் இடத்தைச் சொல்வது வரைபடம். தொலைதூரத் தீவுகளின் வரைபடங்கள் சில, ஈயக் குண்டைக் கயிற்றில் கட்டி ஆழம் பார்த்த காலத்து அளவையை அடிப்படையாகக் கொண்டவை. வரைபடம் சரியாக இருந்தாலும் போதாது. 2014 நவம்பர் 29 அன்று, உலகைச் சுற்றும் வோல்வோ ஓஷன் ரேஸ் போட்டியில் ஓடிய 65 அடிப் படகு ஒன்று, மொரீஷியஸுக்கு வடகிழக்கே கார்கடோஸ் கரஜோஸ் என்ற பாறைத் தொடரில் இரவில் முழு வேகத்தில் ஏறியது. ஒன்பது பேரும் தேர்ந்த மாலுமிகள்; உயிர் பிழைத்தது அதிர்ஷ்டம். கம்ப்யூட்டர் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருந்தால் அந்தப் பாறை தெரிந்திருக்கும். சிறிதாக வைத்துப் பார்த்ததில் திரையில் அது வெறும் கடலாகத்தான் தெரிந்தது.

கருவியே இல்லாமல் இந்தத் தீவுகளைக் கண்டுபிடித்தவர்களும் உண்டு. 1976இல் 'ஹோக்குலேயா' என்ற இரட்டை உடல் படகை, சதவால் என்ற சிறு தீவைச் சேர்ந்த மாவ் பியாலுக் ஹவாயிலிருந்து தஹிதிக்குத் திசைகாட்டிகூட இல்லாமல் வழி நடத்தினார். நட்சத்திரம் உதிக்கும் இடம், அலை படகை ஆட்டும் விதம், மாலையில் கூடு திரும்பும் பறவைகள் இவைதான் அவருக்கு அடையாளம். துவாமோட்டின் மத்தைவா தீவை முதலில் பிடித்து, அங்கிருந்து தஹிதி சேர்ந்தார்கள். இந்த இரட்டை உடல் படகுகளை உலகம் இன்று 'கட்டமரான்' என்கிறது. பெயர் நம் கட்டுமரம். பொருள் வேறு, நம்முடையது கட்டைகளைச் சேர்த்துக் கட்டியது. வெள்ளைக்காரர் நம் கரையில் கேட்ட சொல்லைக் கொண்டுபோய் வேறொரு படகுக்குச் சூட்டிவிட்டார்கள்.

நங்கூரம் பற்றியும் ஒரு வார்த்தை. அதன் எடை மட்டும் படகைப் பிடிப்பதில்லை. இழுப்பு தரையோடு படுக்கைவாட்டில் இருந்தால்தான் அது மண்ணைக் கவ்வும். அதற்காக ஆழத்தைப் போல் ஐந்து மடங்கு சங்கிலி விடுவார்கள். மின்சார ரயில் பாதையில் மேலே தொங்குகிற கம்பியைப் பார்த்திருப்பீர்கள், அதே வளைவில் சங்கிலி தண்ணீருக்குள் தொய்ந்து நிற்கும். அந்தத் தொய்வுதான் அலையின் வெட்டை வாங்கிக்கொள்கிறது.

இவ்வளவும் கைத்தொழில் போலக் கற்றுக்கொள்ளக் கூடியவை. கற்றவர்களும் தவறுவது தேதியில். தென் பசிபிக்கில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். கடல் மேல்மட்டம் 26, 27 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும் மாதங்கள் அவை. அந்த ஆறு மாதமும் படகு அந்த வட்டாரத்தில் திரியக் கூடாது. எல் நினோ ஆண்டுகளில் புயலின் எல்லை கிழக்கே நகரும். 1982-83இல், புயலை அதிகம் அறியாத தஹிதிப் பக்கத்தையே அடுத்தடுத்துப் பல புயல்கள் தாக்கின. ஆகவே வருஷக் கணக்கில் கண்டிப்பு வேண்டும். நாள் கணக்கிலோ நேர்மாறாகத் தளர்ச்சி வேண்டும். இன்ன தேதியில் இன்ன தீவில் விமானத்திலிருந்து இறங்குகிறேன் என்று மகனோ மருமகளோ டிக்கெட் எடுத்துவிட்டால், படகுக்காரர் காற்றைப் பார்ப்பதை விட்டுக் காலண்டரைப் பார்க்கத் தொடங்குவார். விருந்தினருக்கு ஒன்று நாளைச் சொல், இல்லை இடத்தைச் சொல், இரண்டையும் சொல்லாதே என்பது அவர்களிடையே வழக்கம். நாற்பது ஆண்டு டைம் டேபிளோடு வாழ்ந்தவனுக்கு இது முதலில் ஒழுங்கீனமாகத்தான் பட்டது. யோசித்துப் பார்த்தால், லைன் கிளியர் இல்லாமல் எந்த டிரைவரும் வண்டியை எடுப்பதில்லையே. அங்கே லைன் கிளியர் கொடுக்க ஸ்டேஷன் மாஸ்டர் இல்லை, தனக்குத் தானே கொடுத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் வித்தியாசம்.

1994 ஜூன் முதல் வாரத்தில் நியூசிலாந்திலிருந்து டோங்காவுக்குப் பல படகுகள் போய்க்கொண்டிருந்தன. புயல் காலம் முடிந்தாயிற்று என்று கூட்டாக நாள் குறித்துக் கிளம்பிய பயண அணியைச் சேர்ந்தவை அவற்றில் பல. வழியில் மிக வேகமாக உருவான ஒரு கடும் புயல் அவர்களைப் பிடித்தது. ஏழு படகுகள் கைவிடப்பட்டன. விமானப்படையும் கடற்படையும் வழியில் போன கப்பல்களும் சேர்ந்து 21 பேரைக் காப்பாற்றின. 'குவார்ட்டர்மாஸ்டர்' என்ற படகில் இருந்த மூவர் திரும்பவில்லை. நாள் குறித்ததுதான் காரணம் என்று பழி சொல்வது நியாயமாகாது; இன்று கிடைக்கும் வானிலை முன்னறிவிப்பு அன்று இல்லை, தனியாகக் கிளம்பியவர்களும் சிக்கினார்கள். ஆனால் ஒரே நாளில் எல்லோரும் புறப்பட்டால் ஒரே புயலில் எல்லோரும் இருப்பார்கள் என்பது அன்று தெரிந்தது. கைவிடப்பட்ட படகுகளில் சில பிற்பாடு மூழ்காமல் மிதந்துகொண்டிருக்கக் கண்டார்கள். கடைசி வரை படகைவிட்டு இறங்காதே என்று மாலுமிகள் சொல்வது இதனால்தான்.

அக்டோபர் பிறந்ததும் பிஜியில் இருப்பவர்கள் முடிவெடுக்க வேண்டும். ஒன்று, தெற்கே நியூசிலாந்துக்கு ஆயிரம் மைலுக்கு மேல் போய்விட வேண்டும். இல்லாவிட்டால் படகை அங்கேயே பத்திரப்படுத்த வேண்டும். பிஜி நமக்கு அந்நியம் அல்ல. 1903 முதல் 1916 வரை சென்னைத் துறைமுகத்திலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன தென்னிந்தியரின் வாரிசுகள் அங்கே வாழ்கிறார்கள். நாந்தி நகரில் கோபுரத்தோடு சிவசுப்பிரமணிய சுவாமி கோயில் இருக்கிறது. அந்த நாந்திக்கும் லவுத்தோக்காவுக்கும் நடுவே வுந்தா என்ற இடத்தில் படகுத்துறை ஒன்று உண்டு. அங்கே தரையில் வரிசையாகக் குழி வெட்டி வைத்திருக்கிறார்கள். கிரேனால் படகைத் தூக்கி, அடிக்கட்டை குழிக்குள் இறங்கும்படி வைத்து, படகின் வயிற்றுக்கு அடியில் பழைய டயர்களை அடுக்கி, நாலு பக்கமும் பட்டை போட்டுத் தரையோடு இழுத்துக் கட்டிவிடுவார்கள். காற்று எவ்வளவு அடித்தாலும் விழுவதற்கு உயரம் இல்லை. 2016 பிப்ரவரியில் வின்ஸ்டன் புயல் பிஜியில் 44 உயிர்களைக் குடித்த பிறகு இந்தக் குழிகளுக்குக் கிராக்கி இன்னும் கூடிவிட்டது. பாய்களைக் கழற்றி மடித்து உள்ளே வைத்து, தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்து, பூட்டிச் சாவியை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, சொந்தக்காரர்கள் விமானம் ஏறி ஊருக்குப் போய்விடுவார்கள். மே மாதம்தான் மறுபடி தண்ணீர்.